எலக்ட்ரீஷியன் வீட்டு பெல்

"ஊர்ல இருக்கிற காலிங் பெல்லையெல்லாம் பாட வெச்ச மனுஷன். சொந்த வீட்டு பெல்லை மட்டும் கடைசி வரைக்கும் ஊமையாவே விட்டுட்டுப் போயிட்டார்!"

நர்ஸம்மா இதைச் சொன்னது, இறந்துபோன கணவரின் படத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்துகொண்டு.

துக்கம் விசாரிக்க வந்திருந்தவர்கள் டீ டம்ளரைப் பாதியில் நிறுத்தினார்கள். செத்தவரைப் பற்றி நல்லதைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்ற முடிவோடு வந்தவர்கள் அவர்கள். அவர் உயிரோடு இருந்தபோதே இந்த முடிவை எடுத்திருக்கலாம்.

"தங்கமான மனுஷன்மா. சாப்பிட உட்கார்ந்திருந்தாலும், கூப்பிட்டா கையைக் கழுவிட்டு ஓடி வருவார்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்படிக் கூப்பிட்டதே அவர்தான்.

"ஓடுவார், ஓடுவார். உங்க வீட்டு ஃபேன் நின்னா ஓடுவார். எங்க வீட்டு பெல் மட்டும் 'நாளைக்குப் பார்க்கலாம்'. அந்த நாளைக்கு வரவே இல்ல. வேற ஆளைக் கூப்பிடறேன்னா, 'எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு இன்னொரு எலக்ட்ரீஷியனா? என் மானம் போயிடும்'பார்."

மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். இறந்தவருக்கு அக்கா. "ஏம்மா, என் தம்பி போன பிறகாவது அவனை விடமாட்டியா?"

"நீங்களே சொல்லுங்க அண்ணி. அன்னிக்கு வெயில்ல நம்ம கேட்டுல நின்னு கத்திக் கத்திப் பார்த்துட்டு திரும்பிப் போகலையா நீங்க?"

நாத்தனார் ஆமென்று தலையை ஆட்டினாள். வீடு உள்ளே தள்ளி இருந்தது. கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே கேட்காது. கேட்டையும் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார் தம்பி. கேட்டால், திருடன் பயமாம்.

"நானும் உள்ளதான் இருந்தேன். நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்தா, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். என் தூக்கம் அப்படி. ஆஸ்பத்திரியில எல்லாரும் கண் வெப்பாங்க" என்றாள் நர்ஸம்மா. சொல்லும்போது அவளையறியாமல் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

அந்தப் புகழ்பெற்ற தூக்கம், கணவர் போன நாளிலிருந்து அவளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கேட்டு திறந்தே கிடக்கிறது. வருகிறவர்களெல்லாம் கதவைப் போட்டு இடிக்கிறார்கள். கண் எரிகிறது. மறுபடி டூட்டிக்குப் போயாக வேண்டும்.

"அவர் உழைச்சது உண்மை. பொண்ணைப் படிக்க வெச்சார், வீட்டைக் கட்டினார். ஆனா எனக்குன்னு என்ன செஞ்சார்? நான் வாயைத் திறந்து கேட்டது ஒரே ஒரு பெல்." குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்கச் சிரித்தாள். "ஆனா சட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. பொண்ணை ஸ்கூல்லேருந்து வரும்போது செருப்பைக் கையில எடுத்துட்டுதான் உள்ள வரணும்னு பழக்கினார். தரை தேஞ்சு போயிடுமாம்!"

டீ கொடுத்துக்கொண்டிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட வேலை பார்த்தவர் எழுந்தார். ஏணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஏறத் தேவையில்லாத உயரம்.

"அண்ணன் பேருக்கு ஒரு குறை இருக்க வேணாம்கா. அந்த பெல்லை நான் இப்பவே சரி பண்ணிடறேன்."

நின்றபடியே பெல்லின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா, எரிஞ்சு போயிருக்கா?" என்றாள் நாத்தனார்.

"இல்லம்மா. பெல் புதுசு மாதிரி இருக்கு. ஒயரைத்தான் கழட்டி விட்டிருக்கு. ரெண்டு முனைக்கும் தனித்தனியா டேப் சுத்தி..." விரலால் தடவிப் பார்த்தார். "டேப்போட நுனியை மடிச்சு விட்டிருக்கு பாருங்கக்கா. அடுத்த ஆள் பிரிக்கும்போது நகத்தால சுரண்டக் கூடாதுன்னு அண்ணன் ஒருத்தர்தான் இப்படி மடிப்பார். டேப்பும் பழசில்ல. காய்ஞ்சு போகப் போக மாத்திட்டே இருந்திருக்கார்."

"வேணும்னே கழட்டி விட்டாரா? எதுக்கு?" நர்ஸம்மாவுக்கு விளங்கவில்லை.

மகள் டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ நைட் டூட்டிக்கு மாறினப்போ கழட்டினதும்மா. பெல் அடிச்சா யாரா இருந்தாலும் எழுந்து வந்து கதவைத் திறந்து, டீ போட்டுக் கொடுத்துட்டு உட்கார்ந்துடுவியாம். கேட்டைப் பூட்டினதும் அதுக்குத்தான். செருப்பும் அதுக்குத்தான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"திட்டு வாங்கிட்டே இருந்தாரேடி! அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நானும் கேட்டேன். 'முழிச்சிட்டிருக்கிறப்போதானே திட்டறா, திட்டட்டும்'னார்."

எதிர்வீட்டுக்காரர் டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

ஏணி மெதுவாகக் கேட்டார். "மாட்டிடட்டுமாக்கா?"

நர்ஸம்மா படத்தைப் பார்த்தாள். முதல் முறையாக ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சேனே அண்ணி... இந்த மனுஷன் இடியையே கேட்டுல நிறுத்தி வெச்சிருந்திருக்கார்!"