நாலு கோர், எட்டு த்ரெட்

மார்ச் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி. கம்ப்யூட்டர் கடையின் மூன்றாவது கவுன்ட்டரில் அந்த மாதம் எதுவும் விற்கவில்லை. "இன்னிக்கும் ஒண்ணும் போகலைன்னா வேற இடம் பாத்துக்க" என்று முதலாளி காலையிலேயே விற்பனையாளரிடம் சொல்லியிருந்தார்.

முதலாளியின் அறையிலிருந்து ஒருவர் நோட்டும் பேனாவுமாக வெளியே வந்தார். "சார், இந்தக் குறைஞ்ச விலை ப்ராசஸரைப் பத்தி உங்ககிட்டக் கேக்கச் சொன்னார்."

முதலாளியே மனமிரங்கி ஒரு வாடிக்கையாளரை அனுப்பியிருக்கிறார் போல. விற்பனையாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. நாலு கோர், எட்டு த்ரெட். அதாவது நாலு ஆளு, ஆளுக்கு ரெண்டு கை. மூணு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ். அறுபத்தஞ்சு வாட்தான், கரன்ட் பில் கடிக்காது."

வந்தவர் ஒரு எழுத்து விடாமல் எழுதினார். "கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்காமே?"

"தனி கார்டுன்னா தனிக்குடித்தனம். இது கூட்டுக்குடும்பம்ணே. செலவு கம்மி, ஆனா ராம் மெமரில பங்கு கேக்கும்."

"எங்க வீடு மாதிரியே!" என்று கேஷியர் அக்கா கல்லாவில் இருந்தபடியே சிரித்தாள்.

"கேம் ஆட முடியுமான்னு கேட்டா என்ன சொல்றது?"

வீட்டில் இவர் பையன் கேட்கிறான் போல என்று விற்பனையாளர் நினைத்துக்கொண்டார். "சின்ன கேம் ஓடும், பெருசு திணறும்னு உண்மையைச் சொல்லிடுங்க. இன்னொண்ணு, எட்டு ஜிபி ராமை ஒரே துண்டா போடாம, நாலு நாலா ரெண்டு போடணும். படம் வேகமா வரும். பதினோரு வருஷ அனுபவம்ணே, வேற எவனும் சொல்லித் தரமாட்டான்."

வந்தவர் அதன் கீழே இரண்டு கோடு போட்டார். முக்கால் மணி நேரமாகியும் விலையை மட்டும் அவர் கேட்கவே இல்லை. பேரம் பேசாத மனுஷன் என்று விற்பனையாளருக்கு நிம்மதியாக இருந்தது. மனைவிக்கு போன் செய்து சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பில் புத்தகத்தைப் பிரித்தார். "அப்ப பில் போட்டுடலாமாண்ணே?"

வந்தவர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"அதையும் எப்படின்னு காட்டிடுங்க சார். நாளைலேர்ந்து இந்தக் கவுன்ட்டர்ல நான்தான்."