மாமன் மடி

அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மேல் கட்டில் தலையில் இடித்தது. கொஞ்சம் குனிந்துகொண்டான்.

கரை வைத்த வேட்டி. தோளில் துண்டு. நெற்றியில் திருநீறு. ஓமானில், கம்பெனி கொடுத்த அறையில், வெள்ளிக்கிழமை காலையில் இப்படி ஒரு கோலம். மேலே படுத்திருந்த கேரளாக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்தார். மறுபடி போர்வைக்குள் போய்விட்டார்.

சிரிக்கட்டும்.

இன்று தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை.

அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதற்காகவே முனீஸ்வரி வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்திருந்தாள். அண்ணன் போனிலாவது இருக்கட்டும் என்று.

போனுக்குள் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயில் தெரிந்தது. வேப்பமரம், பந்தல், வெயில். பொங்கல் பானைக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா தெரிந்தாள். வரிசையாக வைத்திருந்த சீர்த்தட்டுகள் தெரிந்தன. பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, சின்னத் தோடு. எல்லாம் மாமன் சீர்.

எல்லாரும் தெரிந்தார்கள்.

தன்விகா முனீஸ்வரியின் இடுப்பில் இருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். அவன் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள். இதுவரை அவளைத் தூக்கியதில்லை.

காது குத்தும் ஆசாரி பலகையைத் துடைத்துப் போட்டார்.

"மாமன் எங்கப்பா?"

சிலர் போனைப் பார்த்தார்கள்.

முனீஸ்வரியின் மாமனார் மலைச்சாமி தொண்டையைச் செருமினார். "சாத்தையா, நீ உக்காருப்பா. பெரியப்பன் மகன்தானே. நீயும் மாமன்தான்."

தப்பே சொல்ல முடியாது. முறைப்படி சரிதான். சாத்தையா நல்லவனும்கூட. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

ஓமானில் அவன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

பிள்ளை பிறந்தபோது இல்லை. பேர் வைத்தபோது இல்லை. மிச்சம் இருந்தது இந்த மடி ஒன்றுதான். அதற்கும் வேறு ஆள் உட்காரப் போகிறான். இதற்குமேல் தன்விகாவுக்கு அவன் யார்? மாதம் ஒரு முறை போனில் கையாட்டுகிற ஆள்.

"இருங்க" என்றாள் முனீஸ்வரி. போனுக்கு நேரே வந்து நின்றாள். "அண்ணே, நீ சொல்லு. யாரு உக்கார?"

சாத்தையா பேர்தான் வாயில் வந்தது.

அப்போது படம் லேசாக ஆடியது. ஓரத்தில் ஒரு கண்ணாடி வளையல் தெரிந்து மறைந்தது.

மங்கை.

போனைப் பிடித்துக்கொண்டிருப்பது அவன் மனைவி. எந்த விசேஷமானாலும் அவள்தான் பிடிப்பாள். ஒருவரையும் விடாமல், பந்தியில் இலை முதற்கொண்டு, காட்டுவாள். மூன்று வருஷமாக அவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். போனைப் பிடித்திருப்பவளை எந்த விசேஷத்திலும் பார்த்ததில்லை. அது அவனுக்கு உறைத்ததும் இல்லை. என்ன மனுஷன் நான் என்று வந்தது.

"மங்கை உக்காரட்டும்" என்றான்.

படம் நன்றாக ஆடியது.

"பொம்பள மடியிலயா?" என்றார் மலைச்சாமி.

"சீரைச் சுமந்து வந்தது அவதானே மாமா. அவ உக்காந்தா நான் உக்காந்த மாதிரி."

மலைச்சாமி ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி ஊசியைப் பார்த்தார். "மாமனே சொல்லிட்டாருல்ல? பிள்ளையக் கொண்டாங்க. சிணுங்க ஆரம்பிச்சிருச்சு."

சாத்தையா நகர்ந்துகொண்டான். அவனே பலகையை இழுத்துச் சரியாகப் போட்டும் கொடுத்தான்.

போன் கை மாறியது. இப்போது முனீஸ்வரியின் புருஷன் ராக்கப்பன் கையில்.

மங்கை பலகையில் உட்கார்ந்தாள்.

கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. காலையிலிருந்து இத்தனை அலங்காரத்தோடுதான் போனுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். போனைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்தாள். தன்விகாவை மடியில் இருத்தி, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலில் அவனும் தன் மடியைச் சரி செய்துகொண்டான்.

ஆசாரி குனிந்தார்.

மகள் வீரிட்டதும் ராக்கப்பனுக்குக் கை தளர்ந்துவிட்டது. போனில் மண் தெரிந்தது. யாருடைய செருப்போ தெரிந்தது. அவ்வளவுதான். ஒரு காது. மறு காது. அழுகை மட்டும் ஓமான் வரைக்கும் வந்தது.

"ராக்கப்பா, போனத் தூக்கு! ராக்கப்பா!"

கேரளாக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவனுடைய முழங்கால்கள் தாமாக ஆட ஆரம்பித்தன. மேலும் கீழும், மெதுவாக. அழுகிற பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள் ஆட்டுவது போல.

அங்கே குலவைச் சத்தம் எழுந்தது. அழுகை கேவலாகி, கேவல் அடங்கியது.

போன் மேலே வந்தது.

தன்விகா மங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் தோடு மினுங்கியது. முனீஸ்வரி கை நீட்டினாள். பிள்ளை வர மறுத்தது.

மங்கை முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"ஏங்க, உங்க மடிய நனைச்சுப்புட்டா."

அங்கே எல்லாரும் சிரித்தார்கள். மலைச்சாமியும்தான்.

அவன் வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

ஆனாலும் எழுந்திருக்கவில்லை.