பெயின்ட் காயும் நேரலை

அவள் சிரித்த இடத்தை மறுபடியும் ஓட்டிக் கேட்டேன்.

முதலில் பல் டாக்டரின் குரல். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் காய்வதை யாரோ நேரலையில் காட்டிக்கொண்டிருக்கிறார்களாம். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பார்க்கிறார்களாம். அதற்குக் கீழே ஒருவர் போட்டிருந்த கமென்ட்டை டாக்டர் வாசித்தார்.

“நான் லேட்டா வந்துட்டேன், இதுவரைக்கும் கதை என்னன்னு யாராவது சொல்லுங்க.”

அதற்குத்தான் என் மனைவி அப்படிச் சிரித்திருந்தாள்.

ஜோக்கூட அவருடையது இல்லை. வேலை வெட்டி இல்லாத எவனோ எழுதியது. இவர் வாசித்தார், அவ்வளவுதான். வாசிக்க எனக்கும் தெரியும்.

இணையத்தில் நடக்கும் கூத்துகளைக் கிண்டலடிப்பதுதான் இவர்களுடைய பாட்காஸ்ட். வாரம் ஒரு மத்தியானம் கிளினிக்கைச் சாத்திவிட்டு டாக்டர் எங்கள் வீட்டுக்கு வருவார். எதிரொலிக்காமல் இருக்கப் படுக்கையறைச் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிடுவது நான். மைக் பொருத்துவது நான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துவதும் நான்தான். அவர்கள் பேசி முடித்த பிறகு இருமலையும் செருமலையும் வெட்டி எறிந்து, கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பேன்.

பேர் வாங்குவது மட்டும் அவர்கள் இரண்டு பேரும்.

அதிலும் அவள் சிரிப்புக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். அந்தச் சிரிப்புக்காகவே கேட்கிறோம் என்று எழுதுவார்கள். இந்த டாக்டரைப் போல என்னைச் சிரிக்கவைக்க ஓர் ஆள் கிடைக்க மாட்டாரா என்று ஒரு புண்ணியவதி ஏங்கியிருந்தாள். அதற்கு டாக்டர் வெட்கப்படுகிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் எனக்கென்று ஓர் ஆறுதல் இருந்தது.

ஊரே மெச்சிய அந்தச் சிரிப்புகள் எல்லாம் ஒரே சிரிப்புதான்.

மைக் வாங்கிய அன்று அதைச் சோதித்துப் பார்க்க, செய்தி வாசிப்பவர் போலக் குரலை மாற்றிக்கொண்டு, “சமையலறைக் குழாய் தொடர்ந்து ஒழுகி வருகிறது. வீட்டுக்காரர் நேரில் சென்று பார்வையிட்டார்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மைக்கில் அது பதிவாகிவிட்டது.

டாக்டர் ஜோக் சொன்னால் அவள் ‘ம்’ என்பதோடு சரி. நிகழ்ச்சி படுத்துவிடக் கூடாதே என்று, அந்த ‘ம்’மை எடுத்துவிட்டு, என் ஜோக்குக்கு அவள் சிரித்த அந்தச் சிரிப்பை ஒட்டுவேன். தன் குரலைக் கேட்க அவளுக்குக் கூச்சம், அதனால் முடித்துக் கொடுத்த எதையும் அவள் போட்டுக் கேட்பதில்லை. டாக்டருக்கோ, தன் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை என்பது ஞாபகத்தில் நிற்கிற விஷயமே இல்லை.

இன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் ஒட்டாத சிரிப்பு ஒன்று வந்திருக்கிறது.

இது சட்டென்று நிற்கவும் இல்லை. நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மேஜையைத் தட்டினாள். கடைசியில் மூக்கிலிருந்து ‘க்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

இன்னொரு முறை கேட்டேன். பிறகு அதை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, அங்கே குழாய்ச் சிரிப்பை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் அறைக்குள் வந்தாள். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்றைக்கும் இல்லாமல், அந்தப் பெயின்ட் வருகிற இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டாக்டர் வாசிக்க ஆரம்பித்திருப்பார், உதட்டில் புன்னகை வந்துவிட்டது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வருகிற இடம் வந்தது, போனது. புன்னகை பாதியில் நின்றது.

ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

“நான் இன்னும் நல்லா சிரிச்சேனே.”