டிரைவர் சரியில்ல

"குச்சியால பந்து அடிக்கிறதுக்குக் கடலூர்லேர்ந்து சிதம்பரமா? உங்க மொதலாளிக்குப் பணத்திமிரு ஜாஸ்தி, பிரியா!"

ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் கொளஞ்சியப்பன் சனிக்கிழமை தவறாமல் இதைச் சொல்லிவிடுவார்.

"இருக்கட்டுமே மாமா. அந்தத் திமிரு நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சகாய பிரியா காரைக் கிளப்புவாள்.

அவளுக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. முதலாளி ராஜவேலுவிடம் அதை அவள் சொன்னதில்லை.

சிதம்பரத்தில், பிச்சாவரம் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. உள்ளே பெரிய பச்சை வலை கட்டி கோல்ஃப் பழக விடுகிறார்கள். மட்டையும் அங்கேயே விற்கிறார்கள். முதலாளியை மூன்று மணிக்கு இறக்கிவிட்டால், ஐந்து மணி வரைக்கும் டிரைவர் வாசலிலேயே நிற்க வேண்டும்.

பிரியா நிற்க மாட்டாள். காரைத் திருப்பிக்கொண்டு பறந்துவிடுவாள். மெயின் ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் சிஸ்டர்ஸ் நடத்துகிற விடுதி. அங்கேதான் மகள் அருள்மொழி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றவர்கள் பார்க்க சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் அனுமதி.

முதலாளி காரைக் கேட்காமல் எடுத்துப் போவதற்குச் சாமர்த்தியம் என்றெல்லாம் பேர் வைக்கக் கூடாது. திருட்டுத்தனம்தான். பிரியாவுக்கே அது தெரியும்.

இன்றைக்கு மகள் "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. திரும்பி வரும்போது மணி ஐந்தே கால். முதலாளி வாசலில் இல்லை. பிரியா வேர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடினாள்.

வலைக்குப் பின்னால் முதலாளியின் பேச்சுக் குரல் கேட்டது.

"இந்த ரெண்டாவது அயர்ன் மட்டை செட்டு நல்லா இருக்குப்பா. மட்டைக்கு முகம் பெருசு, அடியில கனம். ஓரத்துல பட்டாக்கூட பந்து ஒழுங்காப் போவுது. என்னை மாதிரி தப்பா அடிக்கிற ஆளையும் மன்னிச்சிடுது."

"அதுக்குன்னே செஞ்ச மட்டை சார் அது" என்றார் கடைக்காரர் செந்தமிழ்செல்வன்.

"அதை எடுத்துக்கறேன். ஆனா டிரைவர்தான் சரியில்ல."

பிரியாவின் கால் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"என்ன சார் பண்ணுது?"

"சொன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. நான் ஒரு பக்கம் வச்சா, அது ஒரு பக்கம் போவுது. எல்லா வாரமும் இடது பக்கந்தான்."

இடது பக்கம்! விடுதித் தெரு! சந்தேகமே இல்லை, தன்னைத்தான் சொல்கிறார். கடலூர்ப் பக்கத்தில் பொம்பளையை யார் 'வர்றா, போறா' என்கிறார்கள்? வருது, போவுதுதானே!

"கழட்டிடுவமா சார்?"

"கழட்டிட வேண்டியதுதான். ஆறு மாசமா பொறுத்துப் பாத்தாச்சு."

அதற்கு மேல் பிரியாவால் நிற்க முடியவில்லை. வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்க கழட்டி விட வேணாம் சார். நானே நின்னுக்கறேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எம் மேலதான் தப்பு. நீங்க உள்ள போனதும் வண்டிய எடுத்துக்கிட்டு எம் பொண்ணைப் பாக்கப் போயிடுவேன். விடுதியில இருக்குது. ஆறு மாசமா இப்படித்தான். மூணு டிராவல்ஸ்ல, பொம்பளைக்கு வண்டி தர மாட்டோம்னு தொரத்தினாங்க. நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேக்காம சாவியக் குடுத்தீங்க. தெனமும் உங்களுக்காக செபம் பண்றேன் சார். செபமும் பண்ணிக்கிட்டு ஏமாத்தவும் செய்யுறேன். போதும்."

ராஜவேலு தன் கையிலிருந்த நீளமான மட்டையைப் பார்த்தார். செந்தமிழ்செல்வன் கையில் ஒரு குட்டி ஸ்பேனர் இருந்தது.

"பிரியா, டிரைவர்ங்கிறது இந்த மட்டைக்குப் பேரு. இதோட தலையக் கழட்டி, ஒரு புள்ளி திருப்பி வச்சு முடுக்குனா பந்து நேராப் போவும். அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

செந்தமிழ்செல்வன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரியாவுக்கு மானம் போனது. கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டியாகிவிட்டது. இனி அள்ள முடியாது.

ராஜவேலு சிரிக்கவில்லை.

"கேக்காம வண்டி எடுத்தது தப்பு."

"ஆமா சார்."

"போ. போய் ஏசியப் போட்டு வை."

அவ்வளவுதான். காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். வேலை இருக்கா, போச்சா? அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலை போனால் சனிக்கிழமையும் போச்சு. பஸ்ஸில் வரலாம்தான். ஆனால் எந்த முதலாளி சனிக்கிழமை மத்தியானம் லீவு கொடுப்பான்?

செந்தமிழ்செல்வன் புது மட்டைப் பையைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்தார். ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஏம்மா, எங்க பெரிய கடை எங்க இருக்கு தெரியுமா? கடலூர்ல. சார் வீட்டுலேர்ந்து ரெண்டே தெரு. வலையும் இதைவிடப் பெருசு. 'அங்க வந்து அடிங்க சார், இவ்ளோ தூரம் எதுக்கு'ன்னு ஆறு மாசமா கேக்கறேன். 'சனிக்கிழமைன்னா சிதம்பரத்துல ஒரு பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும்யா'ம்பாரு. சாருக்கு ரெண்டும் பசங்களாச்சே, யாருடா அந்தப் பொண்ணுன்னு இத்தினி நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டிருந்தேன்."