வைக்கோல் கன்று

சுப்பையன் கன்றுக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பசுவை ஓட்டியபடி வீதிக்குள் நுழைந்தான். வெங்கடபதி சட்டென்று மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கன்று செத்து ஒரு வாரமாகிறது. தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்திருந்தான். தோல் சரியாகக் காயவில்லை. ஈ மொய்த்தது, தையல் விட்ட இடத்தில் என்னவோ கசிந்தது, நாற்றம் வீதி முனை வரைக்கும் அடித்தது.

கோயமுத்தூரில் புதிதாக எழும்பிய குடியிருப்பு அது. நூல் பிடித்த மாதிரி வீதிகள், ஒழுங்கான சாக்கடை, முனைக்கு முனை புதுசாய் வந்த சிறுவாணித் தண்ணீர்க் குழாய். வீதியில் மாடு நிற்கக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் வாசலில், கண்ணெதிரே கறந்தால்தான் தண்ணீர் கலக்காத பால் என்று வீட்டுப் பெண்கள் சுப்பையனுக்காகப் பாத்திரத்தோடு காத்திருப்பார்கள். குடியிருப்போர் சங்கக் காரியதரிசி வெங்கடபதியும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். அந்தத் தயவுக்காக, மாடு கன்று போட்ட நாளிலிருந்து முதல் சொம்பு அவர் வீட்டுக்கு இனாம்.

"ஏண்டா, இது குடியிருக்கற வீதியா, சுடுகாடா? அந்தக் கருமத்தத் தூக்கி வீசு."

"இது முன்னால நின்னாத்தானுங்க மாடு சொரக்கும். இல்லாட்டி ஒரு சொட்டு வராதுங்க எசமான்."

"அப்ப வேற வீதியப் பாரு. சுகாதார இன்ஸ்பெக்டருக்கு இன்னைக்கே சொல்லி உட்டர்றேன்."

சுப்பையனுக்கு முகம் செத்துப்போனது. இந்த ஒரு வீதியை நம்பித்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது.

"வயித்துல அடிச்சுப்போடாதீங்க. வெயில்ல நல்லாக் காய வெச்சுக் கொண்டாரனுங்க" என்று கும்பிட்டான்.

கன்றைக் கீழே நிறுத்தியதும் பசு அந்தத் தோலை நக்க ஆரம்பித்தது. சுப்பையன் அவசர அவசரமாக முதல் சொம்பைக் கறந்து நீட்டினான். வெங்கடபதி ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடியே மறு கையால் அதை வாங்கிக்கொண்டார். நாற்றம் பாலுக்கு இல்லை போலிருக்கிறது.

"பெத்த தாய்கிட்டயே குட்டியோட தோலக் காட்டிக் கறக்கறயே, நீயெல்லாம் மனுசனா? துள்ளிக்கிட்டிருந்த கன்னு எப்படிடா செத்துச்சு?"

சுப்பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பட்டினி போட்டுட்டயா?"

"ஆமாங்க."

காத்திருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். வெங்கடபதிக்கு அருவருப்பு தாங்கவில்லை. காறித் துப்பினார்.

"வாயில்லாச் சீவன்டா பாவி. அதுக்குன்னு ஒரு சொம்புப் பால மடியில உட்டிருக்கக் கூடாதா?"

சுப்பையன் மெல்ல நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தச் சொம்புதானுங்க உங்க கையில இருக்குது."