பின் சக்கரம்

உலகச் சண்டைக்காலத்தில், ரப்பர் தட்டுப்பாட்டுக்கு நடுவே அலைந்து பிடித்த டயர், ரிம்மில் ஏறவே மறுத்தது. சைக்கிள் கடை நசீருதீனுக்குக் கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது.

"எப்படியாச்சும் ஏத்துங்க பாய். வாசல்ல சைக்கிள் நின்னாத்தான் மாப்பிள்ளை தாலி கட்டுவானாம். நாளைக்கு முகூர்த்தம்" என்று பெண்ணைப் பெற்ற காளியன் அழாத குறையாகக் கெஞ்சினார்.

சோப்புத் தண்ணீர் தடவி, காளியனும் அவர் மச்சான் மாதேஸும் சக்கரத்தை அமுக்கிப் பிடிக்க, நசீருதீன் மிதித்த மிதியில் டயர் ஒருவழியாக ஏறியது. சக்கரத்தை மாட்டிக் காற்றடித்தார்.

"ஏறி மிதிங்க. பொழுதோட வூடு போயிறலாம்."

இருவரும் சைக்கிளைத் தூக்கினார்கள். முன் சக்கரம் காளியன் தோளில், பின் சக்கரம் மாதேஸ் தோளில்.

"என்னய்யா கூத்து இது?"

"வத்தல்மலைக்கு ஏதுங்க ரோடு? வெறும் ரிம்மு தோளை அறுக்குதுன்னு மச்சான் தூக்க மாட்டேன்னுட்டான்."