பதினோராவது வார்டின் நகல்

நகராட்சிக் கூட்டத்துக்கு இப்போது கவுன்சிலர்கள் வருவதில்லை. அவர்களின் கணினி நகல்கள் திரையில் தோன்றி, எதற்கும் வெட்கப்படாமல் கை தூக்கும். தலைவர் மட்டும் வடைக்காக நேரில் வருவார்.

தன் தெருப் பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குப்பைக் கிடங்கு வருகிறது என்றதும், கவுன்சிலர் சௌந்தரவல்லி முதன்முறையாக மன்றத்துக்கு வந்தாள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்லீங்க தலைவரே."

"உக்காரும்மா. உங்க நகல் அப்பவே ஆதரிச்சுருச்சு."

திரையில் அவள் முகம், கணவன் மாசிலாமணியைப் போலவே தொண்டையைச் செருமியது. நகல் வரும்வரை இத்தனை வருஷமும் அவளுக்குப் பதிலாக மன்றத்தில் பேசியவன் அவன்தான். அதைக் கேட்டுத்தான் நகல் பழகியிருந்தது.

"நான் உயிரோட நிக்கிறேனே."

"அதாம்மா குழப்பமே. ஒரு வார்டுக்கு ரெண்டு பேர் பேசலாமா?" என்ற தலைவர், அவளை வெளியேற்றத் தீர்மானம் கொண்டுவந்தார்.

முதலில் கை தூக்கியது அவள் நகல்தான்.